பீரோவுக்கு மேலே ஒரு கை

"வந்துச்சா?"

"வரலை."

"இப்ப?"

"இப்பவும் வரலை."

"இப்பப் பாரு. இப்ப வந்தே ஆகணும்."

"வட்டம் சுத்துதுங்க. மூணு நாளா சுத்துற அதே வட்டம்தான்."

ஹாலில் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் தலையும், மேசைக்கு வெளியே மிச்ச உடம்புமாகக் கிடந்தபடி மெக்கானிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பதில் படுக்கையறையிலிருந்து வந்தது. மணி ஒன்பது பத்து. பதினொரு மணிக்கு அவருடைய மனைவிக்கு லேப்டாப் வழியாக இன்டர்வியூ. லேப்டாப்பில் இன்டர்நெட் இல்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருடமாக ஊரிலுள்ள மாடிக் கட்டடங்களில் இருப்பவர்களையெல்லாம் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பவர். நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அழுதவர்கள் எத்தனையோ பேரைப் பத்திரமாக வெளியே எடுத்திருக்கிறார். அதில் பாதிப்பேர் அவர் ரிப்பேர் பார்த்துவிட்டுப் போன லிஃப்டில் மாட்டியவர்கள்தான் என்று அவருடைய மேலதிகாரி சொல்வதுண்டு. அதெல்லாம் வயிற்றெரிச்சல்.

மனைவி ஒரு காலத்தில் நர்ஸ். அவளுடைய அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டவள். அப்பா எழுந்து நடக்க ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. அவள்தான் திரும்ப வேலைக்குப் போகவில்லை. ஒன்பது வருட இடைவெளியைக் காட்டி ஒவ்வோர் இடத்திலும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஒரு வேலை காலியானது. ஆபத்தில் இருப்பவர்கள் ஃபோன் செய்வார்கள். எடுத்துப் பேசி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வண்டியை அனுப்ப வேண்டும். விளம்பரத்தைப் பார்த்த அன்று அவள் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை மெக்கானிக் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தார்.

பத்து நாளைக்கு முன்னால் நடந்த முதல் இன்டர்வியூவில், இரண்டாவது கேள்விக்கு அவள் வாயைத் திறந்த நேரம் பார்த்து வீட்டு வைஃபை கையை விரித்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் திறந்த வாயோடு உறைந்துபோன முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அப்புறம் ஃபோன் போட்டுக் கெஞ்சி, "சரிம்மா, இன்னொரு தடவை பார்க்கலாம். ஆனா இதுதான் கடைசி" என்று வாங்கிய தேதிதான் இன்று.

மெக்கானிக் சும்மா இருப்பாரா? வாசல் பக்கத்துச் சுவரில் இருந்த மோடத்துக்குள் தூசி அடைத்திருக்கும் என்று முடிவு கட்டி, மூன்று நாளைக்கு முன் அதைத் திறந்து பிரஷ்ஷால் சுத்தம் செய்து மூடினார். மூடிய பிறகு மேசையில் ஒரு ஸ்க்ரூவும் ஒரு சின்ன வெள்ளித் தகடும் மிச்சம் இருந்தன. அதோடு வைஃபை விளக்கு அணைந்ததுதான். வயர் வழியாக ஹாலில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் இன்டர்நெட் வந்துகொண்டிருந்தது. புது மோடம் வர ஒரு வாரம் ஆகுமாம்.

பழைய கம்ப்யூட்டருக்குக் காமிரா கிடையாது, மைக் கிடையாது. லேப்டாப்புக்கு இரண்டும் உண்டு, வயர் செருகத்தான் துளை கிடையாது. ஃபோனில் பார்க்கலாமென்றால், அந்தக் கட்டடத்தில் சிக்னல் வேண்டுமானால் பால்கனியில் இடுப்பு வரை வெளியே தொங்க வேண்டும். லேப்டாப்பை ஹாலுக்குக் கொண்டுவரவும் வழியில்லை. இன்டர்வியூ கொடுப்பவர் தனி அறையில் இருக்க வேண்டும், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்று கடிதத்தில் அழுத்தமாகப் போட்டிருந்தார்கள். ஹாலுக்குக் கதவும் இல்லை, மாமனார் இல்லாத ஹாலை அந்த வீட்டில் யாரும் பார்த்ததும் இல்லை.

அப்போதுதான் மெக்கானிக்குக்குப் புளூடூத் ஞாபகம் வந்தது. நகத்தளவில் ஒரு புளூடூத் டாங்கிளை வாங்கிவந்து ஹால் கம்ப்யூட்டரில் செருகினார்.

"வயர்ல வர்ற நெட்டை இந்தக் கம்ப்யூட்டர் வாங்கிக்கும். வாங்கி, புளூடூத் வழியா லேப்டாப்புக்குக் கொடுத்துடும். நடுவுல ஒரு வயரும் வேண்டாம். எப்படி?"

"எட்டுமா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம் என்று அவருக்கு வருத்தம். எப்படிச் செய்வது என்று போட்டிருந்த பக்கத்தை அவளை உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். தப்பாக அழுத்தினார். மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். மூன்று நாளில் அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவருக்கு இல்லை.

எட்டத்தான் இல்லை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தால் லேப்டாப் அருமையாக வேலை செய்தது. படுக்கையறை வாசற்படியைத் தாண்டினால் வட்டம்.

"ஏங்க, பட்டியல்ல 'ஹோம் கம்ப்யூட்டர்'னு ரெண்டு காட்டுதே, எதை அழுத்தட்டும்?"

"ரெண்டும் நம்மளதுதான். பழைய மெஷின் இல்லையா, ரெட்டையாத் தெரியும். ஏதோ ஒண்ணை அழுத்து."

அழைப்பு மணி அடித்தது.

மனைவி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். கையில் துணிப்பையோடு ஒரு அம்மாள் நின்றிருந்தார். மனைவி ஒன்றும் கேட்காமல் வலது பக்கம் கை காட்டினாள். "பக்கத்து வீடு. கதவைத் தட்டுங்க. மணியை அழுத்தாதீங்க, அது இங்கதான் அடிக்கும்."

பக்கத்து வீட்டில் டெய்லரம்மா இருந்தார். கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு மெஷினுக்கு அனுப்பி எம்பிராய்டரி செய்து தருபவர். நாள் முழுக்க ஆள் வரும். ஏழு மாதத்துக்கு முன் அவருடைய அழைப்பு மணி கெட்டுப்போனபோது மெக்கானிக் தானாகவே போய், கேட்காமலேயே அதைச் சரி செய்துகொடுத்தார். வயர் இல்லாத மணி. சரி செய்யும் வேகத்தில் தன் வீட்டு மணியையும் கழற்றி மாட்டினார். அன்றிலிருந்து டெய்லரம்மா வீட்டுப் பொத்தானை அழுத்தினால் மெக்கானிக் வீட்டில் மணி அடிக்கிறது. மெக்கானிக் வீட்டுப் பொத்தானை அழுத்தினால் எங்கேயும் அடிப்பதில்லை.

"தொழில் தெரிஞ்சவரைக் கூப்பிட்டிருக்கணும்" என்று டெய்லரம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். பத்தொன்பது வருட அனுபவத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று மெக்கானிக் அன்றைக்கே சபதம் எடுத்தார். தன் வீட்டாருக்கும் சேர்த்துத்தான் எடுத்தார்.

"அக்கா வீட்டுல நெட் இருக்கும். ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றாள் மனைவி, கதவைச் சாத்தியபடி.

மேசைக்கு அடியிலிருந்து தலை வெளியே வந்தது. "அந்த வீட்லயா? நான் உயிரோட இருக்கும்போதா?"

"எனக்கு வேலை முக்கியங்க."

"எனக்கும் உன் வேலைதான் முக்கியம். நான் கெடுத்தது, நானே சரி பண்றேன். என் மேல நம்பிக்கை இல்லையா?"

அவள் போய் மறுபடி வட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுடைய விரல் மேசையில் தாளம் போட்டது. அவளுக்குப் பயம் வந்தால்தான் அந்தத் தாளம் வரும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும்.

முதலில் கம்ப்யூட்டரைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் நகர்த்தினார். மோடத்திலிருந்து வரும் வயர் ஹால் நடுவோடு முடிந்துபோனது. அதற்குமேல் இழுத்தால் மோடமே கையோடு வந்துவிடும். எனவே ஹாலின் நட்டநடுவில் மேசையைப் போட்டு நிறுத்தினார். வயர் கணுக்கால் உயரத்தில் விறைப்பாக ஹாலை இரண்டாகப் பிரித்து நின்றது.

"மாப்பிள்ளை, நான் பாத்ரூம் போகணும்னா?" என்று கேட்டார் மாமனார்.

"தாண்டிப் போங்க மாமா."

"இடுப்பு உடைஞ்ச ஆளை ஹை ஜம்ப் பண்ணச் சொல்றீங்க."

மேசை நகர்ந்ததில் கம்ப்யூட்டர் புளூடூத் இணைப்பை மறந்துபோயிருந்தது. மறுபடி தேடச் சொன்னார். 'அருகில் ஒரு சாதனம் இருக்கிறது, இணைக்கலாமா?' என்று அது கேட்டது. லேப்டாப்தான் என்று சரி என்பதை அழுத்தினார்.

சோபாவில் மாமனார் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். "மாப்பிள்ளை! யாரோ ஒரு பொண்ணு என் காதுக்குள்ள வந்து 'கனெக்டட்'ங்கறா!"

மாமனாருடைய காது கேட்கும் கருவி புத்தம் புதுசு. அதிலும் புளூடூத் இருக்கும் என்று யார் கண்டது? மெக்கானிக் அதைத் துண்டிக்கப் பார்த்தார். பிழை என்று திரை சொன்னது. அந்தச் சத்தம் மாமனாரின் காதில் போய் விழுந்தது.

"டொய்ங்னு ஒண்ணு வந்துச்சு மாப்பிள்ளை."

"தெரியும் மாமா."

"இன்னொரு டொய்ங்."

"தெரியும் மாமா!"

"இப்ப ரெண்டு சேர்ந்தாப்புல டொய்ங் டொய்ங்."

"மாமா, தயவுசெஞ்சு அந்த மெஷினைக் கழட்டி வைங்க. அது லேப்டாப்புக்குப் போற புளூடூத்தை எல்லாம் குடிச்சிடுது."

"கழட்டினா எனக்குக் காது கேட்காதே."

"பரவாயில்லை!"

மாமனார் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாத உலகத்துக்குள் நிம்மதியாகச் சாய்ந்தார். மணி பத்து. மெக்கானிக் டாங்கிளைப் பிடுங்கி, லிஃப்ட் வேலைக்கு வைத்திருக்கும் சாமான் பெட்டியைக் குடைந்து ஐந்து மீட்டர் நீட்டிப்பு வயர் ஒன்றைக் கண்டெடுத்து, அதன் நுனியில் டாங்கிளை மாட்டினார். கம்ப்யூட்டர் வராவிட்டால் போகட்டும், புளூடூத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாமே போய்விடலாம் என்பது யோசனை. படுக்கையறை வாசலில் நின்று நீட்டினார்.

"வந்துச்சா?"

"ஒரு நிமிஷம் வந்துச்சு. போயிடுச்சு."

இரும்பு பீரோ அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. படுக்கையறைச் சுவரை அடைத்துக்கொண்டு ஆளுயரத்துக்கு நின்றது. "அட! இத்தனை இரும்பு பக்கத்துல நின்னா புளூடூத் எப்படிம்மா வரும்? இதை வெளியே தள்ளிட்டா முடிஞ்சுது."

"இன்னும் முக்கால் மணி நேரம்தாங்க இருக்கு. இப்பப் போய் பீரோவா?" அவள் குரல் உடைந்தது. "இதுவும் போச்சுன்னா இனிமே நான் எங்கயும் விண்ணப்பம் போட மாட்டேன். என்னால முடியாது."

மெக்கானிக் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும். என்ன சொல்வதென்று தெரியாததால் பீரோவைத் தள்ள ஆரம்பித்தார்.

அழைப்பு மணி அடித்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். டெய்லரம்மாவின் வாடிக்கைக்காரர் யாரோ ஒருவர். "பக்கத்து வீடுங்க" என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு, "வாங்க, நானே காட்டுறேன்" என்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பக்கத்துக் கதவைக் காட்டிவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணி நேரம் ஆனது. மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை. பீரோவை இஞ்ச் இஞ்சாக நகர்த்தி, தரையில் நான்கு கோடு கிழித்து, வாசற்படி வரைக்கும் கொண்டுவந்திருந்தார். இவர் முதலில் வெளியே வந்து, ஹால் பக்கமிருந்து இழுத்தார். அது கோணலாகத் திரும்பி வாசல் நிலையில் பாதி நுழைந்து நின்றது.

திரும்பி வந்த மனைவி பீரோவைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். ஒரு சத்தம் போட வேண்டிய இடம். அவள் போடவில்லை. கண்ணில் ஈரம் காய்ந்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்து முகம்.

"பீரோ அந்தச் சுவரை விட்டுப் போனது நல்லதாப் போச்சு" என்றாள்.

"நான் சொல்லலை?" என்றார் மெக்கானிக், பெருமை தாங்காமல்.

இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் நுழைந்து அவள் உள்ளே போனாள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, பீரோ இருந்த வெற்றிடத்தில் நாற்காலியையும் சின்ன மேசையையும் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள். சுவரில் விரலால் இரண்டு முறை தட்டினாள். பூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

அந்த இடுக்கும் இல்லாவிட்டால் கதவு சாத்திய மாதிரியே இருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. தோளைக் கொடுத்து ஒரே ஒரு தள்ளு. 'ணங்' என்று பீரோ நிலையில் கச்சிதமாக அடைத்துக்கொண்டது. அப்புறம் இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. மனைவி உள்ளே, மெக்கானிக் வெளியே. பீரோவின் தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி மட்டும் இருந்தது.

"ஏம்மா..." என்றார், குரல் இறங்கி.

"பரவாயில்லைங்க." உள்ளேயிருந்து வந்த குரல் தண்ணீர் மாதிரி அமைதியாக இருந்தது. "ஸ்டூல் போட்டு ஏறுங்க. அந்த டாங்கிளை மேலால உள்ள நீட்டுங்க."

ஏறினார். நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம். அங்கதான். வந்துடுச்சு!"

"வந்துடுச்சா!"

"பிரமாதமா வருது. அப்படியே பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க. பேசவும் வேண்டாம், அசையவும் வேண்டாம்."

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாள் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்துவிட்டது. கல்யாணமான இத்தனை வருடத்தில் தன்னால் அவளுக்கு உருப்படியாக ஒரு காரியம் ஆகிறது என்று அவர் மனதார நம்பிய தருணம் அது. டாங்கிளில் நீல விளக்கு மினுக்மினுக்கென்றது.

பதினொரு மணிக்கு இன்டர்வியூ ஆரம்பித்தது. லேப்டாப்பிலிருந்து முதலில் ஒரு பெண் குரல் கேட்டது. பேர், படிப்பு, பழைய வேலை. பிறகு கட்டைக் குரலில் ஒருவர் பேசினார்.

"ஒரு நிமிஷம்மா. உங்களுக்குப் பின்னாடி பீரோ மேல ஒரு கை தெரியுதே?"

மெக்கானிக்கின் உயிர் ஒரு நொடி நின்றது.

"என் வீட்டுக்காரர் கை சார்."

"அறைக்குள்ள வேற யாரும் இருக்கக் கூடாதுன்னு போட்டிருந்தோமே?"

"ஆள் வெளியதான் சார் இருக்கார். கை மட்டும்தான் உள்ள. பீரோ வாசல்ல மாட்டிக்கிச்சு, அவர் ஒரு வயரைப் பிடிச்சுக்கிட்டிருக்கார். உங்க பேச்சுக்குத் தொந்தரவு இருக்காது."

அந்தப் பக்கம் பெண் குரலில் ஒரு சிரிப்பு அடங்கியது. "வீட்டு வாசல்ல பீரோ மாட்டியிருக்கும்போது இவ்வளவு நிதானமாப் பேசுறீங்களே. சரி, கேள்விக்கு வருவோம். ஒருத்தர் மயங்கி விழுந்துட்டார். வீட்ல இருக்கறவங்க உங்களுக்கு ஃபோன் பண்றாங்க. மகள் நீங்க சொல்றதைக் கேட்டுச் செய்யறாங்க. ஆனா கூட இருக்கற மாமாவோ, சித்தப்பாவோ பதறிப்போய்க் குறுக்க குறுக்க வந்து எல்லாத்தையும் கெடுக்கறார். என்ன பண்ணுவீங்க?"

இரண்டாவது கேள்வி! போன முறை விழுந்த இடம். மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு டாங்கிளை இன்னும் ஒரு அங்குலம் உயர்த்தினார்.

"அவரை அதட்ட மாட்டேன் மேடம். 'வெளிய போங்க'ன்னும் சொல்ல மாட்டேன். அவர் கெட்ட எண்ணத்துல குறுக்க வரலை, பாசத்துலதான் வர்றார். அவர் கையில ஒரு வேலையைக் கொடுத்துடுவேன். 'இந்தத் துண்டைப் பிடிங்க, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க'ன்னு. அந்தத் துண்டால நோயாளிக்கு ஒரு உபயோகமும் இல்லாம இருக்கலாம். ஆனா அவருக்குத் தானும் காப்பாத்தறோம்ங்கற நிம்மதி. மகளுக்கு வேலை செய்ய இடம் கிடைச்சுடும்."

எப்பேர்ப்பட்ட பதில்! கை தட்ட வேண்டும்போல இருந்தது மெக்கானிக்குக்கு. கை இருந்த நிலையில் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமனாருக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. எழுந்தார். வயரைத் தாண்டினார். முன்கால் தாண்டிவிட்டது. பின்கால் தாண்டவில்லை. மோடத்திலிருந்து வந்த நெட் வயர் கம்ப்யூட்டரை விட்டுப் பிடுங்கிக்கொண்டு அவர் செருப்போடு போனது. மாமனார் விழவில்லை. ஏதோ இழுப்பதுபோல் இருக்கவே காலை ஓர் உதறு உதறினார். மோடமும் சுவரை விட்டுக் கழன்று தரையில் விழுந்து, இருந்த ஒரே விளக்கும் அணைந்தது. அவர் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஸ்டூல் மேல் நின்ற மெக்கானிக் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தினால் இன்டர்வியூ கெடும். இறங்கினால் புளூடூத் கெடும். இறங்காவிட்டால் நெட்டே இல்லை. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"...ஆமாம் சார், இரவு ஷிஃப்டும் பார்ப்பேன்" என்று மனைவியின் குரல் கணீரென்று கேட்டது.

"நல்லது. அடுத்தது..." என்றது கட்டைக் குரல்.

மெக்கானிக் கண்ணைத் திறந்தார். தரையில் மோடம் செத்துக் கிடந்தது. உள்ளே இன்டர்வியூ ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய பத்தொன்பது வருட அனுபவம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது: மோட்டார் நின்ற பிறகும் மேல் தொட்டியில் இருக்கிற தண்ணீர் குழாயில் வருகிறதல்லவா? அதுபோல வயரிலும் கம்ப்யூட்டரிலும் கொஞ்சம் நெட் தேங்கியிருக்கிறது. அதுதான் போய்க்கொண்டிருக்கிறது. அது தீர்வதற்குள் இவள் முடிக்க வேண்டும்.

'சுருக்கமாப் பேசும்மா' என்று மனதுக்குள் கெஞ்சினார். அவளோ அன்றைக்குத்தான் விவரமாகப் பேசினாள். ஆஸ்பத்திரியில் பார்த்த ஒரு தீக்காய நோயாளியைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் இன்னொரு கேள்வி கேட்டார்கள். அதற்கும் விவரமாகச் சொன்னாள். பாத்ரூமிலிருந்து வந்த மாமனாருக்கு மெக்கானிக் இன்னொரு கையால் தரையைக் காட்டி, வயரைக் காட்டி, செருகுவதுபோல் ஜாடை செய்தார். மாமனார் உற்றுப் பார்த்துவிட்டு, அவருக்கு டாட்டா காட்டிவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்தார்.

தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. விரல் மரத்தது. கையை மட்டும் அவர் இறக்கவில்லை. தொட்டியில் இருக்கும் கடைசிச் சொட்டு வரைக்கும் அவளுக்குப் போய்ச் சேர வேண்டும். அதிசயமாக அந்த நேரம் முழுவதும் ஒரு முறைகூட அழைப்பு மணி அடிக்கவில்லை. கடவுளே பார்த்து நிறுத்தி வைத்திருக்கிறார் என்று நன்றி சொன்னார்.

பதினொன்று முப்பத்தைந்துக்குப் பெண் குரல் சொன்னது: "திங்கட்கிழமை காலைல எட்டு மணி ஷிஃப்ட். வந்துடுவீங்களா?"

உள்ளே சத்தமில்லை. நெட் தீர்ந்துவிட்டது என்று மெக்கானிக் நடுங்கினார். தீரவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"வந்துடுறேன் மேடம்" என்றாள் கடைசியில்.

"உங்க வீட்டுக்காரரை இனிமே கையை இறக்கச் சொல்லுங்க" என்றது கட்டைக் குரல். ஆனால் மெக்கானிக் அதைக் கேட்கவில்லை. அவர் ஸ்டூலிலேயே குதித்துக்கொண்டிருந்தார்.

"கிடைச்சிடுச்சா? மாமா, கிடைச்சிடுச்சு!"

மாமனார் மறுபடியும் டாட்டா காட்டினார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. தாழ் போடாத கதவு தானே திறந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்க டெய்லரம்மா நின்றிருந்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் நிற்கிறார். ஹால் நடுவில் மேசை, தரையில் மோடம், வாசலை அடைத்த பீரோ, ஸ்டூல் மேல் ஓர் ஆள் என்று எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"சிஸ்டருக்கு வேலை கிடைச்சுதா?" என்று கேட்டார்.

இவருக்கு எப்படித் தெரியும் என்று மெக்கானிக் யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் மனம் விரிந்து கிடந்தது. சபதமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"கிடைச்சிடுச்சும்மா! வாங்க, உள்ள வாங்க. எல்லாம் இந்தக் கையாலதான். அரை மணி நேரம் அசையலை. நெட் வயர் பிடுங்கிப்போச்சு, மோடமே விழுந்துடுச்சு, அப்பவும் விடலையே! தேங்கியிருந்த நெட்டை வெச்சே முடிச்சிட்டோம். அன்னிக்கு அந்த மணி விஷயத்துல என்னைத் தொழில் தெரியாதவன்னு சொல்லிட்டீங்க. போகட்டும், நான் மனசுல வெச்சுக்கலை. உங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வேணும்னா சொல்லுங்க, இதே மாதிரி புளூடூத் போட்டுத் தர்றேன்."

பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, வேண்டாம்க்கா..." என்று மனைவியின் குரல் அவசரமாக வந்தது.

டெய்லரம்மா பீரோவைப் பார்த்தார். அதற்கு மேலே இன்னும் நீட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அளவு நாடாவின் நுனியை வாயில் வைத்துக்கொண்டார், அடக்க முடியவில்லை.

"எனக்கெதுக்கு சார், பத்தரை மணிலேர்ந்து உங்க வீட்டுக்கே என் கம்ப்யூட்டர்லேர்ந்துதானே பீரோ நின்ன அந்தச் சுவரைத் தாண்டிப் புளூடூத்ல நெட்டு வந்துக்கிட்டிருக்கு, 'அப்ப மெக்கானிக் சாரை என்னம்மா பண்றது'ன்னு கேட்டேன், 'அவர் கையில பிடிக்கறதுக்கு ஏதாவது கொடுத்துடறேன்க்கா'ன்னு சொல்லிட்டுத்தானே சிஸ்டர் வந்தாங்க!"